ஈட்டா கரினேயா, பி சிக்னியா?

ஒளி மாறும் ராட்சத நீல விண்மீன்களில் ஒன்றைத் தொடர்ந்து கவனிக்க விரும்புவோர் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் நடுவேதான் தயங்குகிறார்கள்.

வரலாறு
ஈட்டா: 1843-இல் ஒரு பெருவெடிப்பின்போது, இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீனான சிரியஸுக்கு அடுத்த பிரகாசத்தை எட்டியது. பின்னர் வெறும் கண்ணுக்கு எட்டாதபடி மங்கி, இப்போது மீண்டும் தெரிகிறது. அந்த வெடிப்பில் சூரியனைப் போலப் பத்து மடங்குக்கும் மேற்பட்ட நிறையை வீசியெறிந்தது. அத்தனைக்கும் பிறகு அது உயிர்தப்பியது எனக்கு இன்றும் பெருவியப்பு.
பி சிக்னி: 1600-இல் திடீரெனத் தோன்றியது. 1655-இல் மறுபடி ஒளிர்ந்தது. இப்போது அமைதி.

சென்னையிலிருந்து உச்ச உயரம்
ஈட்டா: தெற்கே சுமார் 17 பாகை; ஏப்ரல், மே மாத முன்னிரவு. அடிவான மூட்டம் பெரிய தொல்லை.
பி சிக்னி: வடக்கே சுமார் 65 பாகை, செப்டம்பர், அக்டோபர்.

கருவி
ஈட்டா: பைனாகுலரில் சுற்றியுள்ள நெபுலா (வாயு மேகம்) அழகு; வெடிப்பில் பிறந்த ஹோமன்குலஸ் என்ற சிறு தூசு-வாயு மேகத்தைக் காணத் தொலைநோக்கி வேண்டும்.
பி சிக்னி: பைனாகுலரே போதும், ஒளிப்புள்ளி மட்டுமே.

நகர மாடியில் நின்று பிரகாசத்தைக் குறித்துப் பழக விரும்பும் புதியவருக்குப் பி சிக்னி. தெற்கே கடல் திறந்த கன்னியாகுமரிப் பக்கம் தொலைநோக்கியோடு போகக்கூடியவர் தயங்காமல் ஈட்டாவைத் தேடட்டும்.