48 டாலருக்கு எனக்கு விற்றது வெறும் தேதி! எஃப்எம்சிக்கு "வாழ்நாள் ஏராக்" விற்கும் தளங்களிடம் ஜாக்கிரதை

இரவு மணி இரண்டு. தூக்கம் வரவில்லை. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று உட்கார்ந்தால் "போகட்டும் விடு" என்று விட்டுவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் சூடாகவே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டருக்கான போலி வழித்தரவுக்குப் போனது 48 டாலர். கடைசியில் இதில் மாட்டாமல் இருக்க ஐந்து வழி சொல்கிறேன், முழுதாகப் படியுங்கள்.

புதிதாகச் சிமுலேட்டருக்கு வந்தவர்களுக்கு முதலில் கொஞ்சம் விளக்கம். 737 மாதிரி ஒரு விமானத்தைச் சிமில் ஒழுங்காக ஓட்ட வேண்டுமென்றால், கிளம்பும் முன் போகிற வழியை எஃப்எம்சிக்குள், அதாவது விமானத்தின் வழியை நிர்வகிக்கும் கணினிக்குள், ஏற்ற வேண்டும். அதற்கான திரையும் விசைகளும் கொண்ட சிடியுவில் தட்டி வான்வழி, வழிப்புள்ளி என்று ஒவ்வொன்றாகப் போடலாம்தான். நீண்ட பயணமென்றால் அதற்குள் காபி ஆறிப்போகும். அதனால் எல்லோரும் சிம்பிரீஃப் என்ற பயணத் திட்டத் தளத்தில் திட்டம் போட்டு, அந்த விமானத்துக்கு உரிய வடிவில் கோப்பை இறக்கி, அதற்கான அடைவில் போட்டுவிடுவோம். ரூட் பக்கத்தில் 'கோ ரூட்' என்ற இடத்தில் கோப்பின் பெயரை அடித்து, ஆக்டிவேட், எக்ஸெக் விசைகளைத் தட்டினால் போதும். வேலை முடிந்தது.

ஆனால் அந்தக் கோப்பு மட்டும் போதாது. அதில் சொல்லியிருக்கும் புள்ளிகளும் வான்வழிகளும் விமானத்தின் சொந்த வழித்தரவிலும் இருக்க வேண்டும். உலகம் முழுக்க இந்தத் தரவை 28 நாளுக்கு ஒருமுறை திருத்துகிறார்கள், அதுதான் ஏராக் சுழற்சி. பெரும்பாலும் வருடத்துக்கு 13 வரும். ஒவ்வொரு சுழற்சிக்கும் நான்கு இலக்க எண் உண்டு: முதல் இரண்டு இலக்கம் வருடத்தைக் குறிக்கும், அடுத்த இரண்டு அந்த வருடத்தில் அதன் வரிசையை. விமானத்தோடு இலவசமாக வருகிற தரவு, அதை உருவாக்கிய காலத்தோடு நின்றுவிடும். திட்டம் புதிய சுழற்சியில், எஃப்எம்சி பழைய சுழற்சியில் என்றால் இரண்டும் முட்டிக்கொள்ளும்.

எனக்கு முட்டியது அங்கேதான். நாங்கள் சிலர் வாரம் ஒருமுறை இணையத்தில் சேர்ந்து பறப்போம். திட்டம் போடுகிறவர் புதிய ஏராக்கில் போட்டு எல்லோருக்கும் அனுப்புவார். என்னுடையதில் மட்டும் பாதி வழி ஏறும், பாதி ஏறாது. சிம் துணைப்பொருள்கள் விற்கும் ஒரு தளத்தைத் தேடிப் போனது அதனால்தான். பெயர் சொல்லப்போவதில்லை. இப்படிப்பட்ட தளங்கள் பெயரை மாற்றிக்கொண்டு மறுபடி வரும், பெயரை விட முறையைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

விளம்பரம்: "எந்தத் திட்டத்தையும் ஒரே சொடுக்கில் எஃப்எம்சிக்குள் இறக்கும் கருவி, கூடவே வாழ்நாள் ஏராக்." விலை 60. அரட்டைப் பெட்டியில் கேட்டேன். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது. "வணக்கம் கேப்டன்! உங்கள் 737க்கு நிச்சயம் வேலை செய்யும் கேப்டன்!" வார்த்தைக்கு வார்த்தை கேப்டன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தக் கேப்டனில் நான் கொஞ்சம் விழுந்துவிட்டேன். பிறகு மெதுவாக ஒன்று சொன்னார்கள்: நண்பருக்குப் பணம் அனுப்புகிற முறையில் அனுப்பினால் கட்டணம் மிச்சம், உங்களுக்கு 48 போதும். அனுப்பினேன். 12 டாலர் மிச்சம் பிடித்த சந்தோஷம் வேறு.

நிறுவினேன். சிடியுவில் ஐடென்ட் பக்கத்தைத் திறந்தேன். வழித்தரவு எண் இந்த மாதத்துடையது. ஆக்டிவ் தேதிகள் கச்சிதம். அந்த நொடியில்தான் முழுதாக நம்பினேன். எந்த விமானியும் முதலில் பார்க்கிற பக்கம் அது. அதுவே சரியென்று சொல்கிறது, அப்புறம் எதைச் சந்தேகப்படுவது? நன்றி சொல்லி ஐந்து நட்சத்திரமும் போட்டேன். ஆமாம், போட்டேன்.

அந்த வாரமே குழுப் பயணம். திட்டத்தை ஏற்றினேன். வழிப்புள்ளிகளை வரிசையாகக் காட்டும் லெக்ஸ் பக்கத்தில் நடுவழியில் வெறும் கட்டங்கள், கீழே 'ரூட் டிஸ்கன்டினியூட்டி', அதாவது வழி அறுந்திருக்கிறது. விட்டுப்போன புள்ளியைக் கையால் அடித்தேன்: 'நாட் இன் டேட்டாபேஸ்'. சரி, புறப்பாட்டு முறையையாவது எடுப்போமென்று டெப் ஆர் பக்கம் போனால், எல்லோருக்கும் அனுமதி கிடைத்த சிட் (அந்தப் புறப்பாட்டு முறைக்குப் பெயர் அதுதான்) என்னிடம் இல்லை. அதே பெயர், ஆனால் பழைய எண்ணோடு இருக்கிறது. முறை மாறும்போது பெயருக்குப் பின்னால் உள்ள அந்த எண்ணும் மாறும். இணையத்தில் விமானப் போக்குவரத்தைப் பார்க்கும் கட்டுப்பாட்டாளர் அனுமதி கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார், பின்னால் நான்கு விமானம் வரிசையில். மன்னிப்புக் கேட்டுவிட்டு, விமானம் நின்ற இடத்துக்கே திரும்பினேன்.

முதலில் என்மேலேயே சந்தேகம். தப்பான அடைவில் போட்டுவிட்டேனோ? விமானத்தின் மூலக் கோப்புகளை நகல் எடுத்து வைத்திருந்தேன், நல்லவேளை. அவர்கள் கொடுத்ததோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். வழிப்புள்ளிக் கோப்பு: ஒரு பைட் வித்தியாசம் இல்லை. வான்வழிக் கோப்பு: அதே. சிட், ஸ்டார் (வருகை முறை) கோப்புகள்: அதே, அதே, அதே. மாறியிருந்தது ஒன்றே ஒன்று, சுழற்சி எண்ணும் தேதியும் எழுதிய ஒரு குட்டிக் கோப்பு. ஐடென்ட் பக்கம் காட்டுவது அதைத்தான். காலாவதியான பாலில் புதுத் தேதி ஒட்டிக் கொடுத்த கதை. என் விமானத்தோடு வந்த தரவையே எனக்குத் திருப்பி விற்றிருக்கிறார்கள், 48 டாலருக்கு!

"ஒரே சொடுக்குக் கருவி"? அது பதிவிறக்க அடைவிலிருந்து திட்டக் கோப்பை எடுத்து விமானத்தின் அடைவில் போடுகிறது. அவ்வளவுதான். சிம்பிரீஃப் டவுன்லோடர் இதை இலவசமாகச் செய்கிறது.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. இரண்டு நிமிடத்தில் பதில் சொன்னவர்களுக்கு இப்போது நான்கு நாள். முதல் பதில்: கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். செய்தேன். இரண்டாவது: வைரஸ் தடுப்பானை அணைத்துவிட்டு மறுபடி நிறுவுங்கள். இது எவ்வளவு ஆபத்தான யோசனை என்று இப்போது நினைத்தால் பகீரென்கிறது, ஆனால் அதையும் செய்தேன். மூன்றாவது: உங்கள் திட்டம்தான் தப்பு, போட்டவரைக் கேளுங்கள். கோப்பு ஒப்பீட்டைப் படம் பிடித்து அனுப்பினேன். அதற்கு வந்த பதில்: "அன்பான வாடிக்கையாளருக்கு, மின்பொருள்களுக்குப் பணம் திருப்பித் தரப்படாது. உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது." கேப்டன் பதவி போய்விட்டது, கவனித்தீர்களா? தீர்க்கப்பட்டதாம்! அவர்கள் அரட்டைக் குழுவில் அதே படத்தைப் போட்டேன். படமும் போனது, நானும் போனேன்.

பணம் அனுப்பிய சேவையிடம் முறையிட்டேன். நண்பருக்கு அனுப்பியதாக நீங்களே தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், வாங்குபவர் பாதுகாப்பு இதற்குக் கிடையாது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அனுப்பும்போதே அங்கே எழுதித்தான் இருந்தது. 12 டாலர் தள்ளுபடி எதற்கென்று அப்போதுதான் உறைத்தது. 48 டாலர் போனது போனதுதான்.

இன்னொன்று நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். இந்தத் தரவை முறையாகத் தருகிற நாவிகிராஃப் மாதிரி இடங்களே சந்தாவுக்குத்தான் தருகின்றன. 28 நாளுக்கு ஒருமுறை புதிதாக வாங்கித் தர வேண்டிய பொருளை ஒருவன் ஒரே தடவை காசு வாங்கிக்கொண்டு வாழ்நாள் முழுக்கத் தருவேன் என்றால், ஒன்று திருடித் தருகிறான், இல்லை எதையும் தரவில்லை. எனக்கு வாய்த்தவன் இரண்டாவது ரகம்.

ஐந்து வழி என்றேன் இல்லையா, கண் சொக்குகிறது, நினைவில் வருவதை மட்டும் சொல்கிறேன். ஐடென்ட் பக்கத்துத் தேதியை நம்பாதீர்கள், சமீபத்தில் எண் மாறிய ஒரு சிட் டெப் ஆர் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரனுக்கு ஒருபோதும் நண்பர் முறையில் பணம் அனுப்பாதீர்கள். மூலக் கோப்புகளை நகல் எடுத்து வையுங்கள். நான் போட்ட ஐந்து நட்சத்திரம் இன்னும் அந்தத் தளத்தில் நிற்கிறது, அழிக்க வழியே இல்லை. அதைப் பார்த்து யாராவது வாங்கியிருந்தால் மன்னித்துவிடுங்கள்.