பழைய சப்வூஃபருக்கு எது பொருத்தம்: லேப்டாப் அடாப்டரா, டிரான்ஸ்ஃபார்மரா?

காயலாங்கடையில் மலிவாக வாங்கிய 2.1 சப்வூஃபரை (ஒரு பேஸ் பெட்டியும் இரண்டு சின்ன ஸ்பீக்கரும் கொண்ட செட்) திறந்தால், உள்ளே பெரும்பாலும் டிடிஏ 2030 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐசி போட்ட போர்டுதான் இருக்கும். நாலு ஓம் ஸ்பீக்கரில் ஒரு ஐசி சுமார் 14 வாட் தரும். வீட்டில் கிடக்கும் உதிரிகளை வைத்தே இதைத் தேற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, லேப்டாப் அடாப்டரோடு டிபிஏ 3116 கிளாஸ் டி (சூடு குறைவாக வேலை செய்யும் ஆம்ப்ளிஃபயர் வகை) போர்டு. இன்னொன்று, பழைய ஆம்ப்ளிஃபயரில் கழற்றிய டிரான்ஸ்ஃபார்மரோடு டிடிஏ 7294 போர்டு. போர்டு மட்டும் மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கினால் போதும்.

வாட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 19 வோல்ட் அடாப்டரில் 3116 நாலு ஓமுக்குச் சுமார் 40 வாட் தரும், 7294 நல்ல சப்ளையில் 70 வரை போகும். காதுக்கு அந்த வித்தியாசம் இரண்டரை டெசிபல்கூட இல்லை, கொஞ்சம்தான் கூடக் கேட்கும். அதனால் மற்ற விஷயங்கள்தான் முக்கியம்.

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் சாயங்காலம் கரண்ட் வோல்டேஜ் இறங்குவது பழகிப்போன விஷயம். டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் உள்ளே வருவது குறையக் குறைய வெளியே போவதும் குறையும், பேஸ் சோர்ந்துவிடும். லேப்டாப் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் 19 வோல்ட்டைத் தந்துகொண்டே இருக்கும். சூடும் கம்மி. சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் இது பெரிய நிம்மதி. ஒரு குறை, திடீரென்று கனமான பேஸ் அடித்தால் 65 வாட் அடாப்டர் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு கணம் அணைந்து மறுபடி வரும். 4.74 ஆம்பியர், அதாவது 90 வாட் அடாப்டராகத் தேடி எடுங்கள்.

7294 கனமான வேலை. ஹீட் சிங்க் பெரிதாக வேண்டும். அதைவிட முக்கியம், ஐசியின் முதுகுத் தகடு மைனஸ் சப்ளையோடு சேர்ந்தது. மின்சாரம் கடத்தாத மைக்கா தாள் வைக்காமல் ஹீட் சிங்க்கில் முறுக்கி, அந்த ஹீட் சிங்க் எர்த்தில் இருக்கும் பாடியைத் தொட்டால், அந்த நிமிஷமே ஷார்ட். ஆஃப் செய்த பிறகும் பெரிய கப்பாசிட்டர்களில் சார்ஜ் தங்கியிருக்கும், இறக்காமல் கை வைக்கக் கூடாது.

சரி, எந்த வழியில் போனாலும் முதலில் ஸ்பீக்கரையும் பெட்டியையும் பாருங்கள். கோனை இரண்டு பக்கமும் விரலால் சமமாக அழுத்தும்போது உரசும் சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) போச்சு, போர்டுக்குச் செலவு செய்யாதீர்கள். ஓரத்து ஃபோம் பொடிந்திருந்தால் மட்டும் புது ரிங் ஒட்டலாம். பிறகு ஊதுபத்தி சோதனை. 40 ஹெர்ட்ஸ் சத்தத்தை மெதுவாக ஓடவிட்டு, பத்தியைப் பெட்டியின் இணைப்புகள் பக்கமாக நகர்த்துங்கள். காற்று கசியும் இடத்தில் புகை துடிக்கும். ஃபெவிகாலில் மரத்தூளைக் குழைத்து அடைத்துவிடுங்கள். காற்றுக்கென்றே விட்ட குழாய் வாயை மட்டும் தொடக் கூடாது. பல பெட்டிகளில் இந்த அடைப்பு தருகிற மாற்றத்தைப் புது போர்டு தருவதில்லை.

செல்லூர், ஆரப்பாளையம் போலச் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்கு அடாப்டர் வழியே போதும், அதைத்தான் நான் சொல்வேன். பெரிய ஹாலோ மொட்டை மாடியோ, எட்டு ஓம் ஸ்பீக்கரோ இருந்து, நல்ல டிரான்ஸ்ஃபார்மரும் கையில் இருந்தால் 7294க்குப் போகலாம். எட்டு ஓமுக்கு 24-0-24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் (நடுவில் பூஜ்யம், இரு பக்கமும் 24) சரி. நாலு ஓமுக்கு 18-0-18 தான், அதற்கு மேல் போனால் ஐசி தாங்காது.