பிஎம்ஐயா, இஞ்ச் டேப்பா? நம்ம உடம்புக்கு எது சரியாகச் சொல்லும்

என் சித்தப்பாவின் உயரம் 164 செ.மீ., எடை 61 கிலோ. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று சொல்லும் எண்ணான பிஎம்ஐ போட்டால் 22.7, அதாவது நார்மல். ஆனால் மனுஷன் பனியனோடு திண்ணையில் உட்கார்ந்தால் கையும் காலும் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் வந்து நிற்கும். போன தீபாவளிக்குத் தையல் மெஷின் டிராயரில் இருந்த டேப்பை எடுத்து இடுப்பை அளந்து பார்த்தேன், 92 செ.மீ. அப்புறம் வற்புறுத்திக் கூட்டிப்போய் வெறும் வயிற்றில் சுகர் பார்த்ததில் 118. சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம் அது. அன்றிலிருந்து இந்த அளவுகளில் எதை நம்புவது என்று யார் கேட்டாலும் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பழைய கணக்கு. உயரத்தில் நூறைக் கழி, மிச்சம்தான் உன் எடை. மனக்கணக்காகப் போட எளிது, அவ்வளவுதான். 150 செ.மீ. ஆளுக்கு இந்த எடையில் பிஎம்ஐ 22 வரும், 185 செ.மீ. ஆளுக்குக் கிட்டத்தட்ட 25 வரும். ஒரே விதி ஆளுக்கு ஆள் இப்படி மாறினால் எதற்கு? விட்டுவிடலாம்.

பிஎம்ஐ அதைவிட எவ்வளவோ மேல். கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தால் இரண்டு தடவை வகுக்க வேண்டும். பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் கெத்லே 1830களில் போட்ட கணக்கு இது. அவர் தேடியது சராசரி மனிதனின் உடம்பு எப்படி இருக்கும் என்பதைத்தான், யாருக்கு நோய் வரும் என்பதை அல்ல. ஊர் முழுக்க ஆயிரம் பேரை ஒப்பிட இன்றைக்கும் நல்ல கருவி. தனி ஆளுக்கு வரும்போதுதான் சிக்கல், ஏனென்றால் எடை மெஷினுக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான்.

அதிலும் எந்த அட்டவணையைப் பார்க்கிறோம் என்பது முக்கியம். உலக சுகாதார அமைப்பின் பொது அட்டவணையில் 18.5 முதல் 25க்குள் இருந்தால் நார்மல், 30 தாண்டினால் உடல் பருமன். ஆனால் இந்திய மருத்துவர்கள் ஒன்றுகூடி 2009ல் வெளியிட்ட பரிந்துரையில், நமக்கு 23லேயே அதிக எடை, 25லேயே பருமன் என்று கோட்டைக் கீழே இறக்கினார்கள். 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு இந்த 23க்கும் 25க்கும் நடுவில் ஐந்தரை கிலோ இருக்கிறது (62.6, 68.1). இணையத்தில் கிடைக்கும் கால்குலேட்டர்களில் பல பொது அட்டவணையைத்தான் வைத்திருக்கின்றன. பச்சை நிறம் வந்துவிட்டதே என்று நிம்மதியாக மூடிவிடாதீர்கள்.

ஏன் நமக்கு மட்டும் தனிக்கோடு? புனேவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை 2004ல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. இருவருக்கும் பிஎம்ஐ அச்சு அசலாக 22.3. உடம்பில் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. தெற்காசிய உடம்புகளில் இது சகஜம்: எடை குறைவாகவே இருக்கும், கொழுப்பு கல்லீரலையும் குடலையும் சுற்றிப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த இடத்தைத்தான் டேப் பிடிக்கிறது. நம் நாட்டவரில் இடுப்பளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினாலே எச்சரிக்கை. இன்னும் எளிதாக, இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். சித்தப்பாவுக்குப் பாதி என்றால் 82, அவர் 92ல் நிற்கிறார். எதிர்ப்பக்கம் பாருங்கள்: கபடி ஆடும் என் நண்பன் 178 செ.மீ., 86 கிலோ, பிஎம்ஐ 27, நம் அட்டவணைப்படி பருமன். இடுப்போ 84தான், பாதியான 89ஐ எட்டவில்லை. தசைதான் அத்தனையும்.

ஆனால் அளக்கத் தெரிந்து அளக்க வேண்டும். பேன்ட் சைஸைச் சொல்லாதீர்கள், அது தொப்பைக்குக் கீழே இறங்கிப் போடுவது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், துணிக்கு மேல் இல்லாமல், சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு, வயிற்றை உள்ளே இழுக்காமல். சித்தப்பா முதலில் இழுத்துப் பிடித்துக்கொண்டு 86 காட்டினார்.

கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷின்களும் இப்போது வீட்டுக்கு வீடு வந்துவிட்டன. பாதம் வழியாக லேசான மின்சாரம் அனுப்பிக் கணிக்கிறது, அதனால் குடித்த தண்ணீர், சாப்பாடு, வியர்வை எல்லாமே எண்ணை மாற்றும். காலையில் ஒரே நேரத்தில் ஏறி, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க மட்டும் சரி. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஏறவே கூடாது.

என்னைக் கேட்டால் டேப் முதலில், 23 கோட்டோடு பிஎம்ஐ அடுத்தது. பிஎம்ஐயைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன், ஏனென்றால் மெலிந்து 18.5க்குக் கீழே போனவரை டேப் காட்டிக்கொடுக்காது. கர்ப்பிணிகளுக்கு இரண்டுமே பொருந்தாது, பிள்ளைகளுக்கு வயதுக்கேற்ற தனி அட்டவணை உண்டு. இன்னொன்று, சாப்பாட்டைக் குறைக்காமல், நடக்காமல், சில மாதத்தில் எடை தானாக இறங்கினால், எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம். சர்க்கரை, தைராய்டு, காசநோய் என்று எதுவாகவும் இருக்கலாம், அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.