ஈராசிரியர் அரசுத் தொடக்கப் பள்ளி: சேர்க்கலாமா?

சிற்றூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பிள்ளையைத் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் புது பெயின்ட்டையும் ஸ்மார்ட் போர்டையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தினமும் எத்தனை ஆசிரியர்கள் வகுப்பில் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3 பேர். ஆகஸ்ட் 1 அன்று உள்ள எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். 62 பேர் படிக்கும் பள்ளியில் இரண்டு பேர் டி.சி. வாங்கிவிட்டால் மூன்றாவது ஆசிரியர் உபரி. உபரி ஆசிரியரைத் தேவையுள்ள பள்ளிக்கு மாற்றும் பணி நிரவலில் வேறு ஊருக்குப் போய்விடுவார். அப்புறம் ஐந்து வகுப்புக்கு இருவர். தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போகும் நாளில் ஒரே ஒருவர். இதைப் பார்க்கிற பெற்றோர் அடுத்த ஆண்டு தயங்குகிறார்கள். எண்ணிக்கை இன்னும் சரிகிறது.

பிள்ளைகள் கைநழுவுவது ஒன்றாம் வகுப்பில் அல்ல, 3 வயதில். எல்.கே.ஜி.க்குத் தனியார் வேன் வாசலுக்கே வந்துவிடுகிறது. அரசுப் பள்ளி 5 வயதில்தான் சேர்க்கும். 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் மழலையர் வகுப்பு தொடங்கினார்கள். அவை நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருப்பவை. தொடக்கப் பள்ளி மட்டுமே உள்ள ஊருக்கு அதனால் பலன் இல்லை. இது பெரிய குறை.

சிறு வகுப்புகளில் எழுத்தறிவும் எண்ணறிவும் வளர்க்க 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் இந்தப் பள்ளிகளுக்கு நன்றாகவே பொருந்துகிறது. வகுப்பு பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்கார வைப்பதால் ஒரே அறையில் ஒன்று முதல் மூன்று வரை மூன்று வகுப்பையும் நடத்த முடிகிறது. ஆனால் மதிப்பீட்டைச் செயலியில் பதிவேற்றுவதற்கே கற்பிக்கும் நேரம் கரைகிறது. பயிற்சி நூலை வாங்கிப் புரட்டுங்கள்: எல்லா நூலிலும் ஒரே விடை, ஒரே சொல் என்றால் கரும்பலகையைப் பார்த்து எழுதியது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 35 என்று வந்தால் கடன் வாங்கிக் கழித்தல் புரியவில்லை. 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது.

ஆங்கில வழி என்ற பலகையை மட்டும் நம்ப வேண்டாம். ஈராசிரியர் பள்ளியில் தமிழ் வழி, ஆங்கில வழிப் பிள்ளைகள் எல்லோரும் பெரும்பாலும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம்தான்.

காலை உணவு அருமை. 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் உண்டு. விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் தாய்மாருக்கு இது பெரிய உதவி.

சேர்ப்பதென்றால் ஜூலைக்குள் சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு பெயரால் ஒரு பணியிடமே தப்பிக்கலாம். பெற்றோரும் இடம்பெறும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய், ஆசிரியர் யாரும் மாற்றுப்பணியில் (தற்காலிகமாக) வேறு பள்ளிக்குப் போயிருக்கிறாரா என்று கேளுங்கள். போயிருந்தால் திரும்ப அனுப்பச் சொல்லித் தீர்மானம் போட்டுப் பதிவேட்டில் எழுத வையுங்கள்.