40 மில்லிமீட்டர் கோணல்

போன வாரம் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "அக்கா, நீங்க ஆபீஸ்ல ஓட்டுறீங்களே அந்த பிம் சாப்ட்வேர், அதைப் படிக்கலாமா?" பிம் என்றால், கட்டடத்தை வெறும் கோடுகளாக வரையாமல் சுவர், கதவு, படி என்று விவரத்தோடு முப்பரிமாண மாடலாகவே கணினியில் உருவாக்குவது. நல்ல நேரம் பார்த்துக் கேட்டான். அன்று காலைதான் ஆண்டுச் சந்தா கட்டியிருந்தோம். மாலையில் அதே மென்பொருளோடு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு எழுந்திருந்தேன். அப்போது சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. இது கொஞ்சம் ஆறிய பிறகு எழுதுவது.

எட்டு வருடமாக ஒரே மென்பொருள்தான். பெயர் வேண்டாம். மற்றதில் வேலை செய்யும் நண்பர்களும் இதே புலம்பலைத்தான் வேறு ராகத்தில் பாடுகிறார்கள்.

கையில் இருக்கும் வேலை சிங்கப்பூர் தேக்காவில் ஒரு பழைய கடைவீடு. தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியா 1989இலேயே மரபுக் கட்டடப் பாதுகாப்பு வட்டாரமாகிவிட்டதால் முகப்பு, ஐந்தடி நடைபாதை, பக்கத்து வீட்டோடு பகிரும் பொதுச்சுவர் எதிலும் இஷ்டத்துக்குக் கைவைக்க முடியாது. இருப்பதை இருக்கிறபடியே அளந்து மாடலில் ஏற்றவேண்டும். லேசர் அளவு வந்தது. இடப்பக்கப் பொதுச்சுவர் 20 மீட்டர் நீளத்தில் 40 மில்லிமீட்டர் உள்ளே வந்திருந்தது. கோணக் கணக்கில் 0.11 டிகிரி. நூல் பிடித்த அன்று கொத்தனாருக்கு என்ன அவசரமோ! அந்த வயதுச் சுவருக்கு இதெல்லாம் கோணலே இல்லை.

மென்பொருளுக்குத்தான் பொறுக்கவில்லை. சுவரை வரைந்து கையை எடுப்பதற்குள் வலது கீழ் மூலையில் மஞ்சள் பெட்டி: கோடு லேசாக விலகியிருக்கிறது, துல்லியம் கெடலாம். ஐந்து டிகிரி சாய்த்து வரைந்தால் வாயே திறக்காது. 0.11 என்றால் என் கை நடுங்கிவிட்டது என்று அதுவே முடிவு கட்டிவிடுகிறது. அந்தச் சுவரைத் தொட்டு நிற்கும் தடுப்புச் சுவர், தளம், உத்தரம், கூரை விளிம்பு எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பெட்டி. மாடல் முடிந்தபோது மொத்தம் 212 எச்சரிக்கைகள்.

நியாயமாகப் பேசினால், எச்சரிக்கை தப்பில்லை. பெரும்பாலும் கை நடுங்கித்தான் கோடு அப்படிப் போகிறது. என்னையே பலமுறை காப்பாற்றியிருக்கிறது. ஆனால் "தெரியும், தெரிந்தேதான் வரைந்தேன்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு வேலையைப் பார்க்க ஒரு பொத்தான் வைத்தால் குறைந்தா போய்விடுவார்கள்? வருடந்தோறும் புதுப் பதிப்பு வருகிறது, ஐகான்களின் நிறம் மாறுகிறது. அந்தப் பொத்தான் மட்டும் வந்தபாடில்லை.

212ஐப் பார்த்து மிரண்ட புதுப் பையன், நல்ல பிள்ளைதான், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சத்தமில்லாமல் சுவரை நேராக்கிவிட்டான். எண்ணிக்கை முப்பதுக்கு இறங்கியது. எல்லோரும் அவனைப் பாராட்டினோம், நான் உட்பட. அடுத்த மாதம், நேராக்கிய மாடலின் அளவில் செய்த அலமாரி, பின்கட்டில் சுவருக்குச் சுவர் பொருத்த வந்து இறங்கியது. உள்ளே போகவில்லை. இரண்டு விரல்கடை அதிகம். ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வரும் குத்தகைக்கார அண்ணன் அளவுநாடாவைச் சுருட்டியபடி கேட்டார்: "ஏன் தங்கச்சி, செவுரு ராத்திரியோட ராத்திரியா உள்ள வந்துருச்சா?"

படிக்கட்டிலும் இதே கூத்துதான். பழைய மரப்படிகள், ஒன்று 181 மில்லிமீட்டர், அடுத்தது 176, அதற்கடுத்தது 188. இன்றைய விதிப்படி 175ஐத் தாண்டக்கூடாது, ஆனால் அன்றைய தச்சருக்கு யார் சொல்வது? படிக்கட்டுக் கருவியோ மொத்த உயரத்தைச் சமமாகப் பங்குபோட்டே தீருவேன் என்கிறது. கடைசியில் ஒவ்வொரு படியையும் தனித்தனிப் பலகையாக அடுக்கினேன். பார்க்கப் படிக்கட்டு மாதிரியே இருக்கிறது, மென்பொருளின் கணக்கில் மட்டும் அது படிக்கட்டே இல்லை. கைப்பிடிக் கம்பி பற்றி ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். விட்டுவிடுகிறேன்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு நாள் வீட்டுக்காரப் பாட்டி அலுவலகம் வந்தார். மாடலின் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். ஐந்தடி நடைபாதை, முன்கட்டு, நடுமுற்றம், பின்கட்டு என்று வீடு முழுக்க வெட்டுத்தோற்றத்தில் விரிந்தது. பாட்டி திரையில் விரல் வைத்து, "இங்கதான்மா எங்க மாமியார் அம்மி போட்டிருந்தாங்க" என்றார். அந்த வெட்டுத்தோற்றத்தை நான் தனியாக வரையவே இல்லை. முன்பெல்லாம் ஒரு கதவை நகர்த்தினால் பதினொரு தாளில் கையால் மாற்றியிருக்கிறேன், அதிலும் ஒன்றிரண்டு விட்டுப்போகும். இப்போது ஒரு இடத்தில் நகர்த்தினால் கதவுப் பட்டியல்வரை தானாக மாறிவிடுகிறது. இந்த ஒன்றுக்காக இதன் காலில் விழலாம்.

தம்பி, படிக்கலாமா என்பது இங்கே கேள்வியே இல்லை. 2015லேயே 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களுக்கு பிம் சமர்ப்பிப்பு கட்டாயமாகிவிட்டது. அடுத்து கோர்நெட் எக்ஸ், கட்டடத் திட்டங்களை அரசாங்க அமைப்புகளிடம் சமர்ப்பிக்கும் இணையத்தளம். 2026 அக்டோபரிலிருந்து சிறிது பெரிது பார்க்காமல் புதுத் திட்டங்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் போகவேண்டும். அதற்கு மாடலை ஐஎஃப்சி-எஸ்ஜி என்ற பொதுக் கோப்பு வடிவத்தில் அனுப்பவேண்டும்; அந்தக் கோப்பில் சுவரைச் சுவரென்றும் படிக்கட்டைப் படிக்கட்டென்றும் அடையாளம் காட்டவேண்டும். என் பலகை அடுக்கு மாதிரி எதையாவது செய்துவைத்தால், உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெயர் ஒட்டவேண்டியதுதான். ஆகவே படி. மாணவனாக இருக்கும்போதே, சொந்தக் காசு போடாமல் படி. மதிப்பெண் கேட்டால், பாட்டி வந்த அன்று பத்துக்கு ஒன்பது கொடுத்திருப்பேன். இன்றைக்கு மூன்று.

அந்த மூன்று மணி நேரம் எதற்கு என்றால், சுவரைப் பழையபடி கோணலாக்கத்தான். 212ம் திரும்பி வந்துவிட்டன. சுவருக்குப் பக்கத்தில் சிவப்பில் பெரிய எழுத்தில் ஒரு குறிப்பு போட்டிருக்கிறேன்: "கோணல்தான். தொடாதே." குறிப்பை ஒட்டி முடித்ததும் 213ஆவது பெட்டி வந்தது.