ஆம்ப் இரைச்சலுக்கு எந்த ஃபில்டர்: மெயின்ஸ் பெட்டியா, டிசி பக்கமா?

ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று கேட்டதும் பெரும்பாலானோர் கை முதலில் மெயின்ஸ் பக்கம்தான் போகும். ஒரு சின்ன உலோகப் பெட்டி, இரண்டு எக்ஸ்2 கெபாசிட்டர் (ஃபேஸ்-நியூட்ரல் குறுக்கே போடும் பாதுகாப்பு ரகம்), ஒரு சோக் (காயில்). கட்டி முடித்து மாட்டினால் ‘உம்ம்’ அப்படியே இருக்கும். பெட்டியில் பழுது ஒன்றும் இல்லை. மெயின்ஸ் ஃபில்டர்கள் 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமாக வடிவமைக்கப்பட்டவை; 50, 100 ஹெர்ட்ஸ் அவற்றுக்குள் தடையில்லாமல் நடந்து போகும்.

அதனால் சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன் ஐந்து நிமிடம் காது கொடுங்கள். ஒரு ஆர்சிஏ பின்னின் நடு முனையையும் வெளி வளையத்தையும் ஷார்ட் செய்து ஆம்ப் இன்புட்டில் சொருகுங்கள். சத்தம் நின்றுவிட்டால் அது கேபிளோடு வந்தது, பெரும்பாலும் எர்த் லூப் (இரண்டு சாதனங்களின் எர்த்தும் கேபிள் வழியாக வளையமாக இணைவது). இந்தக் கட்டுரையில் உள்ள எந்த ஃபில்டரும் அதற்கு உதவாது. நிற்கவில்லையா? ஆழமான, உருண்டையான ‘ஊம்’ 50 ஹெர்ட்ஸ்: டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலம் இன்புட் வயரைத் தொடுகிறது. டிரான்ஸ்பார்மரைத் திருப்பி வையுங்கள். கரகரப்பான ‘ர்ர்ர்’ 100 ஹெர்ட்ஸ்: பிரிட்ஜுக்கு (ஏசியை டிசியாக்கும் நான்கு டையோடு) பின்னால் வரும் ரிப்பிள், அதாவது டிசியில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம். மெல்லிய ‘கீ’ சத்தம், அடாப்டரை மாற்றினால் மாறுகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச்சிங் முறை பவர் சப்ளை) வேலை. ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை, பெட்டியே முனகுகிறது என்றால் அது வேறு கதை, கீழே வருகிறது.

மெயின்ஸ் ஃபில்டர்: கட்டுவதா, வாங்குவதா

சொந்தமாகக் கட்டினால் வரிசை இது: ஃபேஸில் ஃபியூஸ், அதன் பின் ஃபேஸ்-நியூட்ரல் குறுக்கே எம்ஓவி (மின்னழுத்தம் திடீரென ஏறினால் அடக்கும் பாகம்), 0.47 மைக்ரோஃபாரட் எக்ஸ்2, அதன் மேலேயே டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர், 2×10 மில்லிஹென்றி காமன் மோட் சோக் (இரு வயரிலும் சேர்ந்தே வரும் இரைச்சலைத் தடுப்பது), இன்னொரு 0.22 மைக்ரோஃபாரட் எக்ஸ்2, கடைசியில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு 2.2 நானோஃபாரட் ஒய்2 (எர்த்துக்குப் போடும் பாதுகாப்பு ரகக் கெபாசிட்டர்) தலா ஒன்று.

தவறு நடக்கும் இடங்கள் பல. டிஸ்சார்ஜ் ரெசிஸ்டருக்கு ஒற்றைக் கால் வாட் ரெசிஸ்டர் போதும் என்று நினைப்பார்கள். வாட் கணக்கில் போதும்தான்; ஆனால் சாதாரணக் கால் வாட் ரெசிஸ்டர் 250 வோல்ட் வரைக்கும்தான். 470 கிலோ ஓம் இரண்டைத் தொடராகப் போடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய முக்கால் விநாடிக்குள் மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும், இரண்டு விநாடி கழித்துப் பின்னைத் தொட்டாலும் சுரீர் இல்லை. எம்ஓவியில் 275 வோல்ட் ஏசி ரகமான 14டி431-ஐ எல்லாரும் போடுகிறார்கள். மின்னழுத்தம் அடிக்கடி ஏறும் இடங்களில் அது வெந்து போகும். 320 வோல்ட் ஏசி ரகமான 14டி511 பொருந்தும். எம்ஓவி எப்போதும் ஃபியூஸுக்குப் பின்னால்தான்.

சோக்கைக் கையால் சுற்றினால் இரண்டு சுற்றும் ஒரே எண்ணிக்கை, ஒரே திசை. சந்தேகமா? எல்சிஆர் மீட்டரில் பாருங்கள். இரண்டு காயிலையும் தொடராக இணைத்தால் ஒரு விதத்தில் ஒற்றைக் காயிலின் நான்கு மடங்கு காட்டும், மாற்றி இணைத்தால் பூஜ்யத்தை ஒட்டி வரும். லோடு கரெண்ட் ஓடும் வழியில் அந்தப் பூஜ்யம்தான் வர வேண்டும். நான்கு மடங்கு வருகிற வழியில் மாட்டினால் கோர் நிறைவடைந்துவிடும் (காந்தம் அதற்கு மேல் ஏறாது), சோக் வெறும் வயராகிவிடும். இன்னொன்று, டாட் போர்டில் கட்டுபவர்கள் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே உள்ள செம்புப் புள்ளிகளைச் சுரண்டி எடுத்து 6 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும்.

இப்போது ரெடிமேட். பின் பேனலில் பொருத்தும் உலோக உறை போட்ட ஐஇசி (பவர் கார்டு சொருகும்) சாக்கெட் ஃபில்டரில் இதே பாகங்கள்தான் பெரும்பாலும் இருக்கும். ஆனாலும் அது ஜெயிக்கும், காரணம் எர்த். ஒய் கெபாசிட்டரிலிருந்து சேசிஸுக்குப் பத்து சென்டிமீட்டர் வயர் இழுத்தால் அந்த வயரே சுமார் 100 நானோஹென்றி. 10 மெகாஹெர்ட்ஸில் வயரின் தடை 6 ஓமுக்கு மேல், 2.2 நானோஃபாரட் இரண்டும் சேர்ந்த தடையோ 3.6 ஓம்தான். ஃபில்டரை விட வயர்தான் பெரிது! ரெடிமேட் உறை சேசிஸின் மேலேயே உட்கார்ந்துவிடுவதால் இந்தச் சிக்கல் இல்லை, திருகு படும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டியிருந்தால். உள்ளே வரும் வயரும் வெளியே போகும் வயரும் ஒன்றாகக் கட்டப்படுவதும் இதில் நடக்காது. மெயின்ஸ் ஃபில்டர் வேண்டும் என்றால் வாங்குங்கள். கட்டுவது கற்றுக்கொள்ள நல்லது, அவ்வளவே.

இரண்டுக்கும் பொதுவான எச்சரிக்கை: எர்த் இல்லாத வீட்டில், அல்லது மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் கன்வெர்ட்டரில் இதை மாட்டினால், இரண்டு ஒய் கெபாசிட்டரும் மின்னழுத்தத்தைப் பாதியாகப் பங்கிட்டு சேசிஸில் 115 வோல்ட்டை உட்கார வைக்கும். 2.2 நானோஃபாரட்டில் கரெண்ட் 0.16 மில்லிஆம்பியர்தான், ஆனால் கை வைத்தால் விறுவிறுக்கும். ஒய்2 இல்லை என்று சாதாரண செராமிக் கெபாசிட்டரைப் போடுவதுதான் உண்மையான ஆபத்து. அது ஷார்ட் ஆனால் சேசிஸில் நேரடியாக ஃபேஸ். பழைய போர்டில் கழற்றிய எக்ஸ்2-வும் வேண்டாம். ஒவ்வொரு மின் அதிர்ச்சியையும் தாங்கித் தன்னைச் சரிசெய்துகொள்ளும்போது அதன் மதிப்பு தேய்ந்துகொண்டே வரும்.

பெட்டியே முனகினால்: டிசி பிளாக்கர்

டொராய்ட் (வளைய வடிவ) டிரான்ஸ்பார்மர் சில நேரம் மட்டும் முனகுகிறதா? பக்கத்தில் ஹேர் டிரையர் பாதி வேகத்தில் ஓடுகிறதா பாருங்கள். ஒரு டையோடால் அரை அலையை மட்டும் எடுக்கும் சாதனம் மெயின்ஸில் கொஞ்சம் டிசியை உண்டாக்கும். டொராய்டின் கோர் நிறைவடைந்து முனக அதுவே போதும். இதற்கு மெயின்ஸ் ஃபில்டர் எதுவும் செய்யாது, டிசி பிளாக்கர்தான் மருந்து.

10,000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் இரண்டை மைனஸோடு மைனஸ் சேர்த்துத் தொடராக வையுங்கள். குறுக்கே கேபிபிசி3510 பிரிட்ஜ். அதன் பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒன்றாக ஷார்ட் செய்து, ஏசி முனைகளைக் கெபாசிட்டர் ஜோடியின் இரு பக்கமும் கொடுங்கள். இதெல்லாம் ஃபியூஸுக்குப் பின், டிரான்ஸ்பார்மர் பிரைமரிக்குத் தொடராக. டையோடுகள் 1.4 வோல்ட்டுக்கு மேல் ஏற விடாததால் 16 வோல்ட் கெபாசிட்டர் தாராளம். ஆனால் கணக்குப் போடுங்கள்: ஜோடி 5,000 மைக்ரோஃபாரட், 50 ஹெர்ட்ஸில் 0.64 ஓம். 1 ஆம்பியரில் உச்சம் 0.9 வோல்ட், சரி. 2 ஆம்பியரில் 1.8 வோல்ட், டையோடு திறந்துவிடும், டிசியும் உள்ளே போகும். பெரிய ஆம்புக்குக் கெபாசிட்டரை இரட்டிப்பாக்குங்கள். குறைந்த வோல்ட் கெபாசிட்டர்தானே என்று கை வைக்காதீர்கள், முழுதும் ஃபேஸில் இருக்கிறது.

டிசி பக்கம்: உண்மையான போட்டி

ஒப்பிட ஒரே லோடை எடுத்துக்கொள்வோம். டிரான்ஸ்பார்மர், பிரிட்ஜ், 4,700 மைக்ரோஃபாரட், 19 வோல்ட், அரை ஆம்பியர் இழுக்கும் ப்ரீஆம்ப். 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் ஏறத்தாழ 1 வோல்ட் வரும்.

ஆர்சி (ரெசிஸ்டர், கெபாசிட்டர்) கட்டம் ஒன்று சேர்த்தால் என்ன? 2.2 ஓம், 2 வாட், பின்னால் இன்னொரு 4,700. ரிப்பிள் 160 மில்லிவோல்ட் ஆகும், 1.1 வோல்ட் இழப்பு. எதுவும் பழுதாகாது, ஆக எளிது. ஆனால் பவர் ஆம்பில் 2 ஆம்பியர் இழுக்கும்போது ரெசிஸ்டரை 0.22 ஓமுக்கு இறக்க வேண்டியிருக்கும். அங்கே 10,000 மைக்ரோஃபாரட் போட்டாலும் ரிப்பிள் பாதிக்குச் சற்றுக் கீழேகூட வராது. காசு கெபாசிட்டரில் கரையும்.

கெபாசிட்டன்ஸ் மல்டிப்ளையர் (டிரான்சிஸ்டரால் கெபாசிட்டரின் பலனைப் பெருக்குவது) இதைப் போல மூன்று மடங்கு வோல்ட்டைத் தின்றாலும் பல மடங்கு வேலை செய்யும். டிஐபி122 (கெயின் மிக அதிகமான டார்லிங்டன் டிரான்சிஸ்டர்), இன்புட்டிலிருந்து பேஸுக்கு 1 கிலோ ஓம், பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 470 மைக்ரோஃபாரட். கணக்கில் 1 வோல்ட் 3.4 மில்லிவோல்ட்டாகும். இங்கே டிஐபி31 போட்டுவிட்டு ‘வோல்ட் வரவில்லை’ என்று தவிப்பவர்கள் நிறைய. அதன் கெயின் 50 என்றால் அரை ஆம்பியருக்கு பேஸ் கரெண்ட் 10 மில்லிஆம்பியர், 1 கிலோ ஓமில் 10 வோல்ட் விழுந்துவிடும். டார்லிங்டன் என்றால் அரை வோல்ட்தான். பேஸிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோ ஓமும் போடுங்கள். அது இல்லாவிட்டால் ரிப்பிளின் பள்ளத்தில் டிரான்சிஸ்டருக்கு மூச்சுவிட இடம் போதாமல் ஹம் ஒழுகும். அதோடு அவுட்புட் 15.5 வோல்ட் அளவில் நிற்கும், வெப்பம் ஒன்றே முக்கால் வாட், ஹீட்சிங்க் கட்டாயம். கெபாசிட்டரிலிருந்து இன்புட் பக்கம் பார்த்து ஒரு 1என்4007, ஆஃப் செய்யும்போது 470 மைக்ரோஃபாரட் பேஸ் வழியாகக் காலியாகாமல் இருக்க. ஷார்ட் பாதுகாப்பு கிடையாது: அவுட்புட்டை ஒருமுறை தவறிச் சேசிஸில் தொட்டால் டிரான்சிஸ்டர் போய்விடும்.

எல்எம்317 ரெகுலேட்டர்? அட்ஜஸ்ட் பின்னில் 10 மைக்ரோஃபாரட் போட்டால் தரவுத்தாள்படி 80 டெசிபல். 1 வோல்ட் 0.1 மில்லிவோல்ட் ஆகிறது. காகிதத்தில் இதுதான் வெற்றி. ஷார்ட் பாதுகாப்பும் உண்டு. அப்புறம் ஏன் மல்டிப்ளையரைச் சொல்ல வேண்டும்?

சாயங்காலத்துக்காக. மெயின்ஸ் 230-லிருந்து 190-க்கு இறங்கும் தெருவில், நம் 19 வோல்ட் 15.7 ஆகிறது. 15 வோல்ட்டுக்குக் கட்டிய எல்எம்317-க்குக் குறைந்தது 2 வோல்ட் இடைவெளி வேண்டும், இப்போது 0.7தான். ரெகுலேட்டர் கையை விரித்துவிடும், ரிப்பிள் முழுதாக அவுட்புட்டுக்குப் பாயும். ‘பகலில் சுத்தம், ஏழு மணிக்கு மேல் ஹம்’ என்றால் இதுவே முதல் சந்தேகம். மல்டிப்ளையரோ இன்புட்டோடு தானும் இறங்கி 12.5 வோல்ட்டில் நிற்கும், சுத்தமாகவே. மின்சாரம் நிலையாக உள்ள இடம், 1 ஆம்பியருக்குக் கீழ்: எல்எம்317. ஆடும் மெயின்ஸ், அல்லது பவர் ஆம்பின் உயர் மின்னழுத்த ரெயில்: மல்டிப்ளையர். ப்ரீஆம்ப் 12 வோல்ட்டில் ஓடும் என்றால் எல்எம்317-ஐ அங்கே இறக்கி வைப்பதும் புத்திசாலித்தனம்.

ஹீட்சிங்க் திருகும்போது: டிஐபி122-வின் உலோக நாக்கு கலெக்டர், எல்எம்317-க்கு அவுட்புட், 7805 ரெகுலேட்டருக்கு கிரவுண்ட். 7805-க்குப் பழகிய கை மைக்கா (மின்சாரம் கடத்தாத தகடு) இல்லாமல் திருகிவிடும்.

எஸ்எம்பிஎஸ் அடாப்டர் என்றால் கணக்கு மாறும்

24 வோல்ட் அடாப்டர், டிபிஏ3116 ஆம்ப் போர்டு. இரைச்சல் பல பத்து கிலோஹெர்ட்ஸில். எல்எம்317-இன் தடுப்புத் திறன் அந்த உயரத்தில் வெகுவாகச் சரிந்திருக்கும். இங்கே எல்சிதான்: 10 மைக்ரோஹென்றி காயில், பின்னால் 1,000 மைக்ரோஃபாரட் லோ-ஈஎஸ்ஆர் (உள் தடை குறைந்த ரகம்). 65 கிலோஹெர்ட்ஸில் காயிலின் தடை 4 ஓம். கெபாசிட்டரின் ஈஎஸ்ஆர் 0.05 ஓம் என்றால் எண்பதில் ஒரு பங்காகிறது. தீர்மானிப்பது மைக்ரோஃபாரட் அல்ல, ஈஎஸ்ஆர். 1,000-ஐ 4,700 ஆக்கினால் பலன் இல்லை; பழைய அடாப்டரின் ஓவர்லோடு பாதுகாப்பு மட்டும் ஸ்டார்ட்டிங்கில் ‘டிக்-டிக்’ என்று விழித்து அணையும். காயிலின் நிறைவுக் கரெண்ட் ஆம்பின் உச்சக் கரெண்டைத் தாண்ட வேண்டும், 5 ஆம்பியர் ரகம் எடுங்கள்.

டாக் (டிஜிட்டலை ஆடியோவாக்கும்) போர்டின் 5 வோல்ட்டுக்கு மட்டும் எல்டி3045 மாதிரி ரெகுலேட்டர் சிப் தகும்: 1 மெகாஹெர்ட்ஸிலும் 76 டெசிபல். 500 மில்லிஆம்பியரே எல்லை.

இரண்டு பின் அடாப்டரில் உள்ளேயிருக்கும் ஒய் கெபாசிட்டர் வழியாக வரும் கசிவை எல்சி தொடாது. பிளஸ், மைனஸ் இரண்டிலும் சேர்ந்தே வருவது அது. மைனஸை ஒரே ஓர் இடத்தில் எர்த்தோடு சேர்ப்பதுதான் வழி. ஃபெரைட் கிளிப்பில் வயரை மூன்று சுற்று சுற்றினால் அதிக அதிர்வெண் பகுதிக்கு ஒன்பது மடங்கு தடை கிடைக்கும், 50 ஹெர்ட்ஸுக்கு அல்ல.

மாட்டும்போது

எந்த வழியானாலும் கிரவுண்ட் வரிசை ஒன்றே: பிரிட்ஜ், முதல் கெபாசிட்டர், ஃபில்டர், இரண்டாம் கெபாசிட்டர், லோடு. ஸ்பீக்கர் கிரவுண்டைப் பிரிட்ஜுக்கும் முதல் கெபாசிட்டருக்கும் நடுவே கொடுத்தால், சார்ஜ் ஆகும் துடிப்பு 5 ஆம்பியராக இருக்கும்போது 10 மில்லி ஓம் வயரிலேயே 50 மில்லிவோல்ட் ‘ர்ர்ர்’ பிறக்கும். அதைத் தேடி ஃபில்டரை மாற்றிக்கொண்டே இருப்பீர்கள்.

சரிபார்க்கச் சாதாரண மல்டிமீட்டரின் ஏசி மில்லிவோல்ட் 100 ஹெர்ட்ஸுக்குப் போதும். எஸ்எம்பிஎஸ் இரைச்சலை அது பார்க்காது. சுழியம் காட்டினால் நம்பாதீர்கள், ஸ்கோப் வேண்டும்.

டிரான்ஸ்பார்மர் சப்ளைக்கு முதல் முறை கரெண்ட் கொடுப்பது 60 வாட் குண்டு பல்பு போட்ட சீரீஸ் லாம்ப் வழியாகத்தான். பளிச்சென்று எரிந்து மங்கினால் கெபாசிட்டர் சார்ஜ் ஆகிவிட்டது. மங்காமல் பிரகாசமாகவே நின்றால் உடனே அணையுங்கள். பிரிட்ஜையும் எலக்ட்ரோலிட்டிக் முனைகளையும் முதலில் பாருங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இந்தச் சோதனை வேண்டாம், பல்போடு சேர்ந்து விட்டு விட்டு எரிந்து உங்களைக் குழப்பும்.