அமெடா, பத்து காராஸா, க்ருயா? இந்தோனேசியக் கடலோரக் கிராமத்தில் தங்க எது சரிப்படும்

இந்தோனேசியாவில் ஒரு கடலோரக் கிராமத்தில் போய்க் கொஞ்ச காலம் இருக்கலாம், முடிந்தால் ஒரு துண்டு நிலமும் பிடித்துப் போடலாம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் பாலியின் தெற்கு மூலையைத் தாண்டிப் பார்ப்பதில்லை. சாங்குவும் செமின்யாக்கும் கிராமமாக இருந்த காலம் எப்போதோ போய்விட்டது. அங்கே இருக்கிற வாகன நெரிசலுக்கும் வாடகைக்கும் பெருநகரமே தேவலை. இன்னமும் விடியற்காலையில் படகு இறங்குகிற, இரவு பத்து மணிக்கு ஊரே அடங்கிவிடுகிற இடம் வேண்டுமென்றால் நான் மூன்றை எடைபோடுவேன்: பாலியின் கிழக்குக் கரையில் அமெட், மேற்கு ஜாவாவின் தென்கரையில் பத்து காராஸ், சுமத்ராவின் லம்புங் மாகாணத்தில் க்ருய் பக்கத்துத் தஞ்சுங் செத்தியா.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருந்து பார்க்க என் ஓட்டு பத்து காராஸுக்கு. சொந்தமாக வாங்க மூன்றுமே வேண்டாம். ஏன் என்பதற்குத்தான் மிச்சம்.

போய்ச் சேருவது

இதில் அமெட் கைவீசி ஜெயிக்கிறது. தென்பசார் விமான நிலையத்தில் இறங்கி கார் பிடித்தால் இரண்டரை, மூன்று மணி நேரம். அமெட் என்பது உண்மையில் ஒரே ஊர் அல்ல. ஜெமெலுக், புனுத்தான், லிப்பா, பன்யுனிங் என்று மலைக்கும் கடலுக்கும் நடுவே கோத்துவிட்ட மாதிரி வரிசையாக இருக்கும் சிறு குடாக்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்த பெயர். லோம்போக்கை ஒட்டிய கிலித் தீவுகளுக்கு இங்கிருந்தே படகு உண்டு.

பத்து காராஸுக்கு நேர்வழி கிடையாது. ஜகார்த்தாவிலிருந்து பாண்டுங், அங்கிருந்து ரயிலில் பஞ்சார், பிறகு சாலையில் பங்கண்டாரான் தாண்டிச் சிஜுலாங் வரை என்று ஒரு நாள் முழுக்கப் போய்விடும். ஜகார்த்தா-பாண்டுங் அதிவேக ரயில் 2023 அக்டோபரில் வந்த பிறகு முதல் பாதி சுருங்கிவிட்டது, இரண்டாம் பாதி அப்படியேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் பஞ்சாரிலிருந்து சிஜுலாங் வரைக்கும் ரயில் ஓடியது. 1980களில் நிறுத்தினார்கள், இன்னும் திரும்பவில்லை. பக்கத்திலேயே நூசாவிரு என்று ஒரு சின்ன விமான நிலையம் இருக்கிறது, ஆனால் அதை நம்பிப் பயணத் திட்டம் போடாதீர்கள்.

க்ருய் வேற கதை. பந்தர் லம்புங்கிலிருந்து ஐந்து, ஆறு மணி நேரச் சாலைப் பயணம், அதில் ஒரு பகுதி புக்கிட் பாரிசான் செலத்தான் தேசியப் பூங்காவுக்குள்ளேயே போகிறது. புலியும் யானையும் இருக்கிற காடு என்பதால் இருட்டுவதற்குள் கடந்துவிடுவது நல்லது. புலிக்காக இல்லை, வளைவுகளுக்கும் லாரிகளுக்கும். அவ்வளவு தூரம் போகிறவர்கள் பெரும்பாலும் அலைக்காகப் போகிறவர்கள். 2017 முதல் இங்கே சர்வதேச அலைச்சறுக்குப் போட்டி நடக்கிறது, ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை பலகையோடு வெளிநாட்டுக்காரர்களைப் பார்க்கலாம். மற்ற மாதங்களில் ஊர் தன் பாட்டில் இருக்கும்.

அன்றாடம்

மூன்று ஊரிலும் பொதுவான விஷயங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். வாடகை வீடுகளில் கரண்ட் பெரும்பாலும் முன்பணம் கட்டும் மீட்டர். கடையில் பணம் கொடுத்தால் 20 இலக்க எண் தருவார்கள், அதை மீட்டரில் அடிக்க வேண்டும். யூனிட் தீரப்போகிறது என்றால் மீட்டர் கீச் கீச்சென்று கத்தத் தொடங்கும், ராத்திரி ஒரு மணிக்கும் கத்தும், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். குடிதண்ணீர் 19 லிட்டர் கேனில். சமையலுக்கு மூன்று கிலோ பச்சை சிலிண்டர் கண்ணில் படும், அது ஏழைக் குடும்பங்களுக்கான மானிய விலைச் சரக்கு, நீங்கள் பெரிய சிலிண்டர் வாங்குங்கள். பெட்ரோல் பாட்டிலில் ஊற்றித் தெருவோரக் கடையில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஸ்கூட்டர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. இருசக்கர வாகனத்துக்கும் செல்லும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லையென்றால் விபத்தில் காப்பீடு கையை விரித்துவிடும். குடிவந்த உடனே ஊர்த் தலைக்கட்டு மாதிரி இருக்கும் 'ஆர்.டி.'யிடம் பாஸ்போர்ட் நகல் கொடுத்துவிட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் என்று தெருமுனையில் பலகையே இருக்கும்.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டெம்பே, டோஃபு, வேர்க்கடலைச் சட்னி போட்ட காய்கறி எல்லாம் தாராளம், ஆனால் 'சம்பல்' என்கிற மிளகாய்த் துவையலில் தெராசி என்கிற இறால் விழுது பெரும்பாலும் இருக்கும், சொல்லாமல் கலந்திருக்கும். 'தெராசி வேண்டாம்' என்று முன்னாடியே சொல்ல வேண்டும். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மூன்றுமே சொர்க்கம். பங்கண்டாரான் பக்கத்து ஜம்பால் ரோத்தி கருவாடு நம் நாக்குக்கு உடனே பழகிவிடும். க்ருயில் துஹுக் என்று சொல்லும் மார்லின் மீனைக் குச்சியில் குத்திச் சுட்டுத் தருவார்கள், அதற்காகவே ஒரு தடவை போகலாம்.

இனி வித்தியாசங்கள். அமெட் வறண்ட பூமி. அகுங் எரிமலையின் மழைமறைவுப் பக்கம், தண்ணீர்க் கஷ்டம் நிஜமானது. வீடு பார்க்கும்போது கடல் தெரிகிறதா என்பதற்கு முன்னால் தொட்டி எவ்வளவு பெரிசு, லாரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று கேளுங்கள். அந்த வறட்சிதான் அந்த ஊருக்கு உப்பையும் கொடுத்தது. கடல்நீரைத் தோளில் சுமந்து வந்து கரையில் பரப்பிய மண்ணில் ஊற்றி, காய்ந்த மண்ணைக் கூம்பு மாதிரியான கூடையில் போட்டு மறுபடி கடல்நீர் விட்டு வடிக்கிறார்கள். வடிந்த கனத்த நீரை இரண்டாகப் பிளந்து குடைந்த தென்னைமரத் தொட்டிகளில் வெயிலில் வைத்தால் உப்புப் பூக்கும். புவிசார் குறியீடு வாங்கிய உப்பு அது. ஆனால் விடுதி கட்டக் கிடைக்கிற காசுக்கு முன்னால் உப்பு எந்த மூலை? உப்புக் களங்கள் ஒவ்வொன்றாக அறைகளாக மாறிவிட்டன. வருமானம் இப்போது முத்துக்குளிப்பு மாதிரி மூச்சடக்கி இறங்கும் ஃப்ரீடைவிங்கிலும் காற்று உருளை டைவிங்கிலும் இருக்கிறது. பக்கத்தில் துலம்பெனில் லிபர்ட்டி கப்பல் கிடக்கிறது. 1942-இல் டார்பிடோ பட்டுக் கரைக்கு இழுக்கப்பட்டு, 1963 எரிமலை வெடிப்பில் கடலுக்குள் சரிந்தது.

பத்து காராஸ் சுந்தானிய முஸ்லிம் கிராமம். அமைதியான வளைவான கடற்கரை, அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள இதைவிடச் சாதுவான இடம் கிடைப்பது கஷ்டம். வார நாட்களில் படகுகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான். ஆனால் ரமலான் முடிந்து லெபரான் விடுமுறை வந்துவிட்டால் பாண்டுங்கிலிருந்தும் தாசிக்மலாயாவிலிருந்தும் பேருந்து பேருந்தாக ஜனம் வந்து இறங்கும், சாலை நகராது, அறை வாடகை எகிறும். அந்த இரண்டு வாரம் தாங்கிக்கொள்ள வேண்டும். மீதி வருடம் முழுக்க இது ஊர்க்காரர்களுக்காக ஓடுகிற ஊர், வெளிநாட்டுக்காரனுக்காக அல்ல, என் ஓட்டு விழுந்ததே அதனால்தான். அமெடில் உங்களோடு பேசுகிறவர்களில் பாதிப் பேர் ஏதாவது விற்க வேண்டிய நிலையில் இருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, தொழில் அப்படி. பத்து காராஸில் இந்தோனேசிய மொழி கொஞ்சம் கற்றுக்கொண்டே ஆக வேண்டும், கற்றுக்கொண்டால் மீன் ஏலக் கொட்டகையில் நின்று அரட்டை அடிக்கலாம்.

க்ருயில் கடலை விட்டு உள்ளே திரும்பினால் டமார் தோப்புகள். உயர்ந்த மரத்தின் பட்டையில் முக்கோணக் குழி வெட்டி, இடுப்பில் கயிறு சுற்றிக்கொண்டு ஏறிப் பிசினை எடுக்கிறார்கள். பார்க்கக் காடு மாதிரி இருக்கும், ஆனால் தலைமுறை தலைமுறையாக நட்டு வளர்த்த தோப்பு அது, மூத்த மகனுக்குப் போகிற சொத்து. வனத்துறையோடு நடந்த இழுபறிக்குப் பிறகு 1998-இல் அரசு தனி ஆணை போட்டு இந்தத் தோப்புகளை அங்கீகரித்தது. 'காலியாகத்தானே கிடக்கிறது' என்று தரகர் காட்டும் இடம் யாரோ ஒருவருடைய தாத்தா நட்டதாக இருக்கலாம் என்பதை இங்கே மறக்கக் கூடாது.

நிலம்: ஆழம் தெரியாமல் காலை விடாதீர்கள்

1960-ஆம் வருட அடிப்படை வேளாண் நிலச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: 'ஹக் மிலிக்' என்கிற முழு உரிமை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். இதற்கு மேல் தரகர் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் மிச்சம் இருக்கிற வழிகள் நான்குதான்.

முதலாவது, ஊர்க்காரர் ஒருவர் பெயரில் வாங்கிவிட்டு, பக்கத்தில் நமக்குச் சாதகமாக ஒரு ஒப்பந்தம் எழுதி வைத்துக்கொள்வது. பினாமிதான், வேறென்ன. அதே சட்டத்தின் 26-ஆவது பிரிவு, நேரடியாகவோ சுற்றி வளைத்தோ வெளிநாட்டவருக்கு நிலத்தை மாற்றினால் அது செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணமும் திரும்பாது என்கிறது. எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்பார்கள். செய்கிறார்கள்தான். பெயர் கொடுத்தவர் இறந்து பிள்ளைகள் வந்து நிற்கும்போது நீதிமன்றத்தில் நீட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

இரண்டாவது, நிறுவனம் தொடங்கி அதன் பெயரில் கட்டிட உரிமை. அதற்கான முதலீட்டுத் திட்டம் நிலமும் கட்டிடமும் நீங்கலாகவே 1,000 கோடி ரூபியாவைத் தாண்ட வேண்டும். கிராமத்தில் ஓட்டு வீடு தேடுகிறவருக்கு இது எதற்கு?

மூன்றாவது, 'ஹக் பக்காய்' என்கிற பயன்பாட்டு உரிமை. நாட்டில் தங்கும் அனுமதி உள்ள வெளிநாட்டவர் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளலாம், அரசு நிலமென்றால் 2021 விதிகளின்படி 30 வருடம், பிறகு 20, பிறகு 30 என்று நீளும். சட்டப்படி கௌரவமான வழி. ஆனால் வெளிநாட்டவர் வாங்கும் வீட்டுக்கு மாகாணவாரியாகக் குறைந்தபட்ச விலை வைத்திருக்கிறார்கள், கிராமத்து வீடு எதுவும் அந்த உயரத்துக்கு வராது.

நான்காவது குத்தகை. நடைமுறையில் இதுதான் வழி. பாலியில் ஒரு ஆருக்கு ஒரு வருடத்துக்கு இவ்வளவு என்று விலை சொல்வார்கள். ஆர் என்பது 100 சதுர மீட்டர், நம் கணக்கில் இரண்டரை சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 25, 30 வருடப் பணத்தையும் முன்னாலேயே கேட்பார்கள். பத்து காராஸ் இருக்கும் சுந்தாப் பகுதியில் ஆரைவிடத் தும்பாக் கணக்குதான் புழக்கம், ஒரு தும்பாக் ஏறக்குறைய 14 சதுர மீட்டர்.

குத்தகை என்று முடிவானால் பார்க்க வேண்டியது: நிலத்துக்கு நில அலுவலகத்தின் சான்றிதழ் இருக்கிறதா, அல்லது 'கிரிக்', 'லெட்டர் சி' என்ற பழைய வரிக் காகிதம் மட்டுமா. பின்னது உரிமைப் பத்திரம் ஆகாது. அது மாதிரி நிலங்கள் ஜாவாவிலும் சுமத்ராவிலும் ஏராளம். பத்து காராஸில் வீடு பார்க்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். அடுத்து சொந்தக்காரரின் கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் கையெழுத்து. பாலியில் குடும்பக் கோயில் அந்த மனையில் இருந்தால் பேச்சே வேற. அப்புறம், புதுப்பிக்கும்போது விலை எப்படி என்பதை இப்போதே எழுதுங்கள். 'அன்றைய சந்தை விலை' என்று மட்டும் இருந்தால் அது உரிமையே இல்லை.

கடலுக்கு ஒட்டிய மனை வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு ஒன்று. உயர் அலைக் கோட்டிலிருந்து 100 மீட்டர் வரை கரையோரப் பாதுகாப்புப் பகுதி. அமெடில் மலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற நிலமே பல இடங்களில் அவ்வளவுதான், எல்லாம் கட்டித்தானே இருக்கிறது என்று கேட்கலாம். பாலியின் தெற்கே பிங்கின் கடற்கரையிலும் கட்டித்தான் இருந்தது. 2025 ஜூலையில் 48 கட்டிடங்களை அரசு இடிக்க ஆரம்பித்தது.

ஆபத்தும் ஆஸ்பத்திரியும்

2006 ஜூலை 17 பிற்பகலில் பங்கண்டாரான் கரையைச் சுனாமி அடித்தது, அந்தக் கரை நெடுகிலும் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நிலநடுக்கம் கரையில் லேசாகத்தான் தெரிந்தது, அதனால் பலர் ஓடவில்லை. 2004-ஐப் பார்த்த நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பத்து காராஸில் நான் தேர்ந்தெடுப்பது கடல் தெரியும் வீடு அல்ல, பின்னால் மேட்டுக்குப் போகும் பாதை தெரியும் வீடு. க்ருயும் அந்த நிலநடுக்கத்தைக் கிளப்பிய அதே சுந்தா கடலடி அகழியைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறது. 1994-இல் பக்கத்து லிவாவை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. அமெடுக்கு அகுங் மலை: 2017 நவம்பரில் சாம்பலால் விமான நிலையத்தையே மூடினார்கள்.

மருத்துவத்துக்கு, எல்லா இடத்திலும் 'புஸ்கெஸ்மாஸ்' என்ற அரசு ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு, காய்ச்சலுக்கும் தையலுக்கும் போதும். அதற்கு மேல் அமெடுக்கு அம்லாபுரா, பெரிய விஷயத்துக்குத் தென்பசார். பத்து காராஸுக்குப் பங்கண்டாரான் மாவட்ட மருத்துவமனை, பெரிய விஷயத்துக்கு பாண்டுங் வரை ஓட வேண்டும். க்ருயிலிருந்து பெரிய விஷயத்துக்கு அதே காட்டுச் சாலையில் பந்தர் லம்புங். நெஞ்சு வலி வரலாற்றுள்ளவர் க்ருயை மறந்துவிடலாம்.

விசா

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வந்திறங்கியதும் தரும் விசா உண்டு, 5 லட்சம் ரூபியா, 30 நாள், ஒரே ஒரு முறை நீட்டிக்கலாம். பாலிக்கு மட்டும் கூடுதலாக 1.5 லட்சம் ரூபியா சுற்றுலா வரி, 2024 பிப்ரவரியிலிருந்து. நாள் தாண்டினால் ஒரு நாளுக்கு 10 லட்சம் அபராதம், அதில் கருணை கிடையாது. அமெட்காரர்கள் நீட்டிக்கச் சிங்கராஜா அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஒரு வருடம் இருந்து வெளிநாட்டு வேலையை அங்கிருந்து பார்க்க விரும்பினால் அதற்குத் தனி விசா, வருமானம் வருடத்துக்கு 60,000 டாலர் காட்ட வேண்டும்.

ஆக, தனியாகப் போகிறவர், டைவிங் பைத்தியம், மொழி கற்கப் பொறுமை இல்லாதவர் என்றால் அமெட். அலை ஒன்றே குறி, உடம்பு திடமாக இருக்கிறது என்றால் மே மாதம் க்ருய், மழைக்கு முன் திரும்பிவிடுங்கள். குடும்பத்தோடு, சமைத்துச் சாப்பிட்டு, ஊரோடு பழகி இருக்க வேண்டுமென்றால் பத்து காராஸ், மாத வாடகையில் மட்டும், முதல் மாதத்தை ஜனவரி மழையில் வைத்துக்கொண்டு. கூரை ஒழுகுகிறதா, சாலை முழுகுகிறதா, சிக்னல் நிற்கிறதா என்பதெல்லாம் அந்த மாதத்தில் தெரிந்துவிடும்.